கரப்பானுக்கும் கால் முடக்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

குழந்தைகளுக்குக் கரப்பான் வருவது நம் வீடுகளில் புதிய விஷயம் அல்ல. கன்னத்திலும், முழங்கை மடிப்பிலும், முழங்கால் மடிப்பிலும் தோல் சிவக்கும். அரிக்கும். நீர் வடியும். பாட்டி ஓர் எண்ணெய் சொல்வாள். டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுப்பார். வளர வளரப் பெரும்பாலான குழந்தைகளுக்கு அது குறைந்து விடுகிறது.

ஆனால் உலகத்தின் சில பகுதிகளில் வேறொரு வகைக் கரப்பான் இருக்கிறது. குழந்தைக்கு ஒன்றரை, இரண்டு வயது ஆகும்போது தலையில் தொடங்கும். மருந்து கொடுத்தால் மறையும். மருந்தை நிறுத்தினால் மறுபடியும் வரும். வருஷக் கணக்கில் இப்படியே நீடிக்கும். அந்தக் குழந்தைகளில் சிலருக்குப் பின்னால் கால்கள் விறைக்கத் தொடங்குகின்றன. ஓடும்போது தடுக்கி விழுகிறார்கள். மாடிப்படி ஏறத் திணறுகிறார்கள். சிலர் கைத்தடி இல்லாமல் நடக்க முடியாத நிலைக்கு வந்து விடுகிறார்கள்.

தோலில் வந்த நோய்க்கும், முதுகெலும்புக்குள் இருக்கும் நரம்புக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. இரண்டுக்கும் பின்னால் நிற்பது ஒரே ஒரு வைரஸ் கிருமி. அதன் பெயர் எச்.டி.எல்.வி.-1. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க டாக்டர்களுக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது.

கதையைத் தொடங்கும் முன்பு தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் குழந்தைகளுக்கு வரும் கரப்பான் அநேகமாக எப்போதும் சாதாரணக் கரப்பான்தான். இங்கே சொல்லப்போகும் கிருமி இந்தியாவில் அரிது. இதைப் படித்துவிட்டுக் குழந்தையின் காலைத் தடவிப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. இது ஜமைக்காவிலும், ஜப்பானிலும், பிரேசிலிலும் நடந்த கதை.

ஒரே தீவு, இரண்டு நோய்கள்

ஜமைக்கா என்றால் கிரிக்கெட் ரசிகர்களுக்கு உடனே தெரியும். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்று. அங்கே நடுத்தர வயதுக்காரர்கள் பலருக்குக் காரணம் தெரியாத ஒரு நோய் வந்து கொண்டிருந்தது. காலில் பலம் குறையும். தசைகள் மரக்கட்டை போல் விறைக்கும். இடுப்பு வலிக்கும். சிறுநீரை அடக்க முடியாது. சிலருக்குச் சிறுநீர் கழிப்பதே கஷ்டமாகி விடும். கைகளோ பெரும்பாலும் நன்றாக இருக்கும். புத்தியும் தெளிவாக இருக்கும்.

1956-ம் ஆண்டில் க்ருக்ஷாங்க் என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றி எழுதினார். 1964-ல் மாண்ட்கோமெரி முதலிய டாக்டர்கள் இன்னும் விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். காரணம் மட்டும் பிடிபடவில்லை. மேகநோய்க் கிருமியாக இருக்குமோ என்று பார்த்தார்கள். சாப்பாட்டில் சத்துக் குறைவோ என்று பார்த்தார்கள். சரியாகப் பக்குவம் செய்யாத மரவள்ளிக் கிழங்கில் ஒரு விஷம் இருக்கிறதே, அதுவாக இருக்குமோ என்றும் யோசித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. காரணம் தெரியாத நோய்க்குப் பொதுவாக ஊர்ப் பெயரை வைப்பது வழக்கம். இதற்கும் 'ஜமைக்கா நரம்பு நோய்' என்று பெயர் வந்தது.

அதே தீவில், 1966-ல், ஸ்வீட் என்ற தோல் நோய் நிபுணர் வேறொரு விஷயத்தைக் கவனித்தார். சில குழந்தைகளுக்கு வந்த கரப்பான், புத்தகத்தில் எழுதியிருக்கும் கரப்பானைப் போல் இல்லை. தலை முழுவதும் பொருக்குத் தட்டியது. காதுக்குப் பின்னால், காது மடலைச் சுற்றி, கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் எல்லாம் கசிவு. மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் பொருக்கு. ஓயாமல் மூக்கு ஒழுகுதல். புண்ணிலிருந்து எடுத்துச் சோதித்தால், சீழ் உண்டாக்கும் சாதாரணக் கிருமிகள் நிறைய இருந்தன. பெனிசிலின் போன்ற மருந்து கொடுத்தால் சில நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிடும். மருந்தை நிறுத்தினால் பழைய கதைதான்.

சீழ்க் கிருமிகள் யார் தோலில்தான் இல்லை? நம் எல்லார் தோலிலும் மூக்கிலும் அவை அவ்வப்போது குடியிருப்பவைதான். அப்படியானால் இந்தக் குழந்தைகளை மட்டும் அவை ஏன் விடாமல் பிடித்து ஆட்டுகின்றன? அந்தக் கேள்விக்கு அன்று பதில் இல்லை. 'தொற்றுக் கரப்பான்' என்ற பொருள்படும் ஒரு பெயரை வைத்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

தோல் டாக்டர் தோலைப் பார்த்தார். நரம்பு டாக்டர் நரம்பைப் பார்த்தார். ஒருவர் பார்த்தது குழந்தைகளை. இன்னொருவர் பார்த்தது பெரியவர்களை. இரண்டும் ஒரே வீட்டு விவகாரம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை. முடிச்சு இருந்த இடம் ஜமைக்கா அல்ல. உலகத்தின் மறு கோடியில் இருந்த ஜப்பான்.

ஜப்பானில் கிடைத்த துப்பு

1977-ல் டாக்டர் தகட்சுகியும் அவருடைய சகாக்களும் ஒரு விசித்திரமான ரத்தப் புற்றுநோயைப் பற்றி அறிவித்தார்கள். நோய் மட்டும் விசித்திரம் அல்ல. நோயாளிகளின் சொந்த ஊரும் விசித்திரம். பெரும்பாலோர் ஜப்பானின் தென்மேற்கு மூலையில் உள்ள கியூஷூ தீவில் பிறந்தவர்கள்! ஒரு நோய் ஓர் ஊர்க்காரர்களை மட்டும் தேடிப் பிடிக்கிறது என்றால், அங்கே ஏதோ ஒன்று கைமாறி வருகிறது என்று அர்த்தம். கிருமியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தது.

1980-ல் அமெரிக்காவில் ராபர்ட் காலோ என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு வைரஸ் அகப்பட்டது. அதுதான் எச்.டி.எல்.வி.-1. ஜப்பானியரின் புற்றுநோய்க்கும் அதுவே காரணம் என்பது அடுத்த சில வருஷங்களில் உறுதியாயிற்று.

எய்ட்ஸ் நோயைக் கொண்டுவரும் எச்.ஐ.வி. கிருமிக்கு இது தூரத்து உறவு. ஆனால் குணம் வேறு. எச்.ஐ.வி. நம் ரத்தத்தில் உள்ள முக்கியமான வெள்ளை அணுக்களை அழிக்கிறது. இந்தக் கிருமி அவற்றை அழிப்பதில்லை. உள்ளே புகுந்து உட்கார்ந்து கொண்டு, அந்த அணுவைப் பெருகச் செய்கிறது. அணு பெருகினால் கிருமியும் கூடவே பெருகும். உழைக்காமல் சம்பாதிக்கும் வித்தை! இந்தக் கிருமி எய்ட்ஸை உண்டாக்காது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் வரும் குழப்பம் அது.

கிருமியைக் கண்டுபிடிக்க ரத்தச் சோதனை வந்ததும் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

1985-ல் மார்ட்டினிக் என்ற இன்னொரு மேற்கிந்தியத் தீவில், கால் விறைப்பு நோயாளிகளின் ரத்தத்தை ஜெஸ்ஸேன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் அவர் குழுவினரும் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் எச்.டி.எல்.வி.-1 கிருமியின் அடையாளம் இருந்தது. அதே தீவில் மற்றவர்களைச் சோதித்தபோது நூற்றுக்கு நாலு பேரிடம்தான் இருந்தது.

அடுத்த வருஷமே, 1986-ல், ஜப்பானின் ககோஷிமா நகரில் டாக்டர் ஒசாமே அதே மாதிரியான நோயாளிகளைப் பற்றி அறிவித்தார். ஜப்பானியர் ஒரு பெயர் வைத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் வேறு பெயர் இருந்தது. இரண்டும் ஒரே நோய்தான் என்று பிறகு எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். க்ருக்ஷாங்க் எழுதிய காலத்திலிருந்து கணக்குப் பார்த்தால் முப்பது வருஷம்.

தோல் நோய் கடைசியில் வந்தது. 1990-ல் ஜமைக்காவில் லா கிரனேட் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும், விடாத கரப்பான் உள்ள 14 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். 14 பேரிடமும் கிருமி இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாதாரணக் கரப்பான் உள்ள குழந்தைகளையும் சோதித்தார்கள். அவர்களில் ஒருவரிடமும் இல்லை!

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

நம் முதுகெலும்பு உள்ளே வெறும் எலும்பு அல்ல. அதன் நடுவே ஒரு சுரங்கப் பாதை இருக்கிறது. அதில் சுண்டு விரல் பருமனில் ஒரு நரம்புக் கயிறு மூளையிலிருந்து கீழே இறங்குகிறது. அதுதான் தண்டுவடம். 'காலை எடுத்து வை' என்று மூளை இடும் உத்தரவு இந்தக் கயிறு வழியாகத்தான் காலுக்குப் போகிறது. சிறுநீரை அடக்கு, விடு என்ற உத்தரவும் இதே வழிதான்.

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் நம் உடம்பின் போலீஸ்காரர்கள். எச்.டி.எல்.வி.-1 குடியேறுவது இந்தப் போலீஸ்காரர்களுக்குள்தான். திருடனே காக்கி உடுப்பைப் போட்டுக்கொண்ட மாதிரி! அப்படிப்பட்ட அணுக்கள் ரோந்து சுற்றும்போது தண்டுவடத்துக்குள்ளும் நுழைகின்றன. அவற்றைக் கண்டுகொண்ட நல்ல போலீஸ்காரர்கள் துரத்திக்கொண்டு உள்ளே வருகிறார்கள். கைகலப்பு நடக்கிறது. வீக்கம் உண்டாகிறது. தெருச் சண்டையில் ஓரமாக நின்றவன் மண்டை உடைவது போல, நடுவில் இருக்கும் நரம்பு இழைகள் சிதைகின்றன. பெரும்பாலும் மார்புக்கு நேரே உள்ள பகுதியில்தான் இந்தச் சேதம் அதிகம். அதனால்தான் கைகள் தப்பித்துக் கொள்கின்றன. கால்கள் அகப்பட்டுக் கொள்கின்றன.

தோலில் நடப்பது வேறு. போலீஸ் படையே சீர்குலைந்து போனதால், சாதாரணமாக வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும் சீழ்க் கிருமிகள் துணிச்சல் பெறுகின்றன. அதனால்தான் மருந்து கொடுக்கும் வரை அடங்கியிருந்து, நிறுத்தியதும் தலை தூக்குகின்றன.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். தோலில் உள்ள கரப்பான் உள்ளே இறங்கித் தண்டுவடத்தைக் கெடுப்பதில்லை. புண்ணை ஆற்றிவிட்டால் கால் தப்பித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 'கரப்பானை உள்ளே அமுக்கினால் வேறு வியாதியாக வெளியே வரும்' என்று நம் கிராமங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. இந்தச் செய்தியைக் கேட்டதும், 'பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே!' என்று சொல்லத் தோன்றும். அது சரியல்ல. தோலும் தண்டுவடமும் ஒரே வேரிலிருந்து கிளம்பிய இரண்டு கிளைகள். ஒரு கிளை மற்றொன்றை உண்டாக்கவில்லை. இந்தக் கரப்பான் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் கிருமி குடியேறிய அணுக்களின் எண்ணிக்கை மிக அதிகமாக இருக்கிறது. கால் விறைப்பு நோயாளிகளிடமும் அப்படியே. அந்தப் பெருக்கம்தான் இரண்டுக்கும் பொதுவான அம்சம்.

கிருமி உள்ள எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லாமல் முழு ஆயுளும் வாழ்ந்து முடிக்கிறார்கள். நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ரத்தப் புற்றுநோய் வரலாம். கால் விறைப்பு நோய் வருவது நூற்றில் நாலு பேருக்குள்தான். பல இடங்களில் ஒருவருக்கும் குறைவு. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அது அதிகம்.

பாஹியா குழந்தைகள்

கணக்கு இப்படி இருக்க, கரப்பான் வந்த குழந்தைகளின் கதை மட்டும் தனியாக நிற்கிறது.

பிரேசில் நாட்டின் கிழக்குக் கரையில் பாஹியா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகர் சால்வடார். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் வம்சத்தார் நிறைந்த ஊர். இந்தக் கிருமியும் அந்த அடிமைக் கப்பல்களில்தான் கடல் கடந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து. மனிதனை விலைக்கு விற்றவர்கள் என்னென்ன சரக்கைச் சேர்த்து ஏற்றினார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. சால்வடாரில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர் ரத்தத்தில் இந்தக் கிருமி இருக்கிறது.

அங்கே அகிலேயா பிட்டென்கூர் என்ற பெண் டாக்டரும் அவருடைய சகாக்களும் இந்தக் கரப்பான் உள்ள குழந்தைகளைத் தேடிப் பிடித்து, வருஷக் கணக்கில் கவனித்து வந்தார்கள். தோலை மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு குழந்தையையும் நரம்பு டாக்டரிடமும் காட்டினார்கள். பழைய ஜமைக்காவில் நடக்காமல் போனது இதுதான்.

2005-ல் வெளியான முடிவு டாக்டர்களைத் திடுக்கிட வைத்தது. அந்தக் குழந்தைகளிலும் வாலிபர்களிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத் தண்டுவட நோயும் இருந்தது! நாற்பது வயதுக்கு மேல் வரும் நோய் என்று பாடப் புத்தகம் சொல்லி வந்த நோய், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இருந்தது. பெரியவர்களுக்கு மெல்ல மெல்ல முற்றும் அந்த நோய், சில குழந்தைகளிடம் வேகமாகவும் முற்றியது.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறவர்கள் நோய் முற்றியவர்களாக இருப்பார்கள். லேசாக வந்து போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே கரப்பான் வந்த ஒவ்வொரு மூன்று குழந்தைகளில் ஒன்றுக்குக் கால் போய்விடும் என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் பாதிக்குப் பாதி தள்ளுபடி செய்தாலும் மிஞ்சுவது சின்ன எண்ணிக்கை அல்ல. அந்த ஊர்களில் இப்போது நிபுணர்கள் சொல்வது இதுதான்: குழந்தைக்கு இந்த வகைக் கரப்பான் என்று தெரிந்தால், தோல் ஆறியதும் அனுப்பிவிடாதே. நடையைப் பார். முழங்காலைத் தட்டிப் பார். சிறுநீர் விஷயத்தைத் தாயிடம் கேள். வருஷா வருஷம் கூப்பிட்டுப் பார்.

சாதாரணக் கரப்பானிலிருந்து இதை எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? சாதாரணக் கரப்பானில் அரிப்புத்தான் முதல் தொந்தரவு. குழந்தை இராத்திரி தூங்காது. வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ, ஓயாத தும்மலோ இருக்கும். இந்தக் கரப்பானில் அரிப்பு அவ்வளவு இல்லை. கசிவும் பொருக்கும் துர்நாற்றமும்தான் அதிகம். தலையிலும் காதிலும் மூக்கு ஓரத்திலும் அநேகமாக எப்போதும் இருக்கும். ஆனாலும் கண்ணால் பார்த்து மட்டும் தீர்மானிப்பதில்லை. ரத்தச் சோதனைதான் முடிவு சொல்லும்.

சிகிச்சை இருக்கிறதா? தோலுக்கு இருக்கிறது. சீழ்க் கிருமியைக் கொல்லும் மாத்திரையை மாதக் கணக்கில் கொடுக்கிறார்கள். தோல் ஆறுகிறது. வாலிப வயதில் பலருக்கு அது தானாகவே அடங்குகிறது. தண்டுவடத்துக்கு வீக்கம் குறைக்கும் மருந்து, விறைப்பைத் தளர்த்தும் மருந்து, உடற்பயிற்சி என்று கொடுக்கிறார்கள். கஷ்டம் குறையும், சிதைந்த நரம்பு பழையபடி ஆகாது. கிருமியை உடம்பிலிருந்து விரட்ட மருந்து இல்லை. தடுப்பூசியும் இல்லை.

மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை என்றால் மிஞ்சுவது ஒரே வழிதான். குழந்தைக்குக் கிருமி போய்ச் சேராமல் தடுக்க வேண்டும். அங்கேதான் தர்மசங்கடம் தொடங்குகிறது.

தாய்ப்பால் என்ற சங்கடம்

இந்தக் கிருமி தொட்டால் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. கொசு கொண்டு வராது. ரத்தம் ஏற்றுவதால் வரலாம். ஒரே ஊசியைப் பலர் உபயோகிப்பதால் வரலாம். உடலுறவினால் வரலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது தாய்ப்பாலின் வழியாக.

காரணம் இது: இந்தக் கிருமி தனியாக நீந்தித் திரிவது அபூர்வம். அணுவுக்குள் உட்கார்ந்து பயணம் செய்து, அணுவிலிருந்து அணுவுக்குத் தாவும். தாய்ப்பாலில் தாயின் வெள்ளை அணுக்கள் ஏராளம். குழந்தையை நோயிலிருந்து காப்பதற்காக இயற்கை அனுப்பிய காவலர்கள் அவர்கள். அந்தக் காவலர்களின் சட்டைப் பைக்குள் ஒளிந்துகொண்டு கிருமியும் போய்ச் சேருகிறது.

ஜப்பானில் நாகசாகி மாவட்டத்தில் 1987-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். கிருமி உள்ள தாய்மார்களைத் தாய்ப்பாலுக்குப் பதில் புட்டிப்பால் கொடுக்கும்படி கேட்டுக் கொண்டார்கள். பலன் கண்கூடாகத் தெரிந்தது. வெகு நாள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 20 பேருக்குக் கிருமி வந்தது. புட்டிப்பால் குடித்த குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பேருக்குத்தான் வந்தது.

இவ்வளவு நல்ல பலன் தெரிந்தும் ஜப்பான் அரசாங்கம் நாடு முழுவதும் உடனே சோதனை நடத்தவில்லை. தென்மேற்கு மூலையில் உள்ள பிரச்சினை, காலப்போக்கில் தானாகத் தேய்ந்து மறைந்துவிடும் என்று நினைத்தார்கள். மக்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்களா? கியூஷூவிலிருந்து பிழைப்புக்காக டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போனார்கள். கிருமியும் கூடவே ரயில் ஏறியது. 2009-ல் மியாகி மாநிலத்தின் முன்னாள் கவர்னர் ஷிரோ அசானோ தமக்கு இந்தக் கிருமியால் வரும் ரத்தப் புற்றுநோய் வந்திருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். மியாகி இருப்பது வடகிழக்கில்! நோயாளிகள் சங்கமும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. 2010-ல்தான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை என்று அரசாங்கம் தீர்மானித்தது. நாகசாகி வழிகாட்டி 23 வருஷம் கழித்து.

ஜப்பானில் தாய்க்கு இப்போது யோசனை சொல்லிக் கொடுக்கிறார்கள். முழுக்கப் புட்டிப்பால் கொடுப்பது ஒரு வழி. முதல் மூன்று மாதம் மட்டும் தாய்ப்பால் கொடுத்துப் பிறகு நிறுத்துவது இன்னொரு வழி. தாயின் உடம்பில் உள்ள எதிர்ப்புச் சக்தி குழந்தையிடம் அந்தச் சில மாதம் தங்கிக் காப்பாற்றுகிறது என்று கருதுகிறார்கள். பாலைக் கறந்து உறைய வைத்து, மறுபடி உருக்கிக் கொடுப்பது மூன்றாவது வழி. உறையும்போது பாலில் உள்ள அணுக்கள் செத்துப் போகும். அணு செத்தால் அதற்குள் இருக்கும் கிருமிக்கும் வழி இல்லை. முதல் வழிக்குத்தான் அத்தாட்சி அதிகம்.

டோக்கியோவில் இது சரி. குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும். பால் பவுடர் டப்பா வாங்கப் பணம் இருக்கும். ஏழை நாட்டுக் கிராமத்தில்? அங்கே தாய்ப்பாலை நிறுத்து என்று சொல்வது லேசான காரியம் அல்ல. அழுக்குத் தண்ணீரில் கரைத்த புட்டிப்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டு வரும். நாற்பது வருஷம் கழித்து நூற்றில் சிலருக்கு வரக்கூடிய நோயைத் தடுக்கப் போய், இந்த மாதமே குழந்தையைப் பறிகொடுக்கலாமா? அந்த நிலைமையில், தாய்ப்பாலைக் குறைந்த காலம் கொடுத்து நிறுத்துவதே மேல் என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றே தோன்றுகிறது. அது தவிர, ஊரில் ஒரு பெண் பால் கொடுக்கவில்லை என்றால், 'ஏன்?' என்று பத்துப் பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்வாள்?

நம் நாட்டில்?

1969-ல் தென்னிந்தியாவில் காணப்பட்ட கால் விறைப்பு நோயைப் பற்றி டாக்டர் மணியும் சகாக்களும் எழுதினார்கள். ஜமைக்கா நோயின் சாயல் அதிலும் இருந்தது. பிற்காலத்தில் வைரஸ் சோதனை வந்ததும் இந்திய நோயாளிகளையும் சோதித்தார்கள். சிலரிடம் கிருமி இருந்தது உண்மை. மிகப் பெரும்பாலோரிடம் இல்லை. நம் நாட்டில் கால் விறைப்புக்கு வேறு காரணங்கள் உண்டு. முதுகெலும்பில் வரும் காசநோய், தண்டுவடத்தை அழுத்தும் கட்டி, பி-12 வைட்டமின் குறைவு இவையெல்லாம் இருக்கின்றன. மத்திய இந்தியாவில் கேசரிப் பருப்பை மாதக் கணக்கில் முக்கிய உணவாகச் சாப்பிட்டவர்களுக்கும் கால் விறைத்தது. இவற்றில் பல, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகக்கூடியவை. ஆகவே கால் விறைப்பாக இருந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, வாயு என்று சொல்லிக்கொண்டு எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது எங்கே நிற்கிறது?

உலகத்தில் ஐம்பது லட்சம் முதல் ஒரு கோடிப் பேர் வரை இந்தக் கிருமியுடன் வாழ்கிறார்கள் என்று 2012-ல் கணக்கிட்டார்கள். இதுவும் பாதிக் கணக்குத்தான். பல நாடுகளில் யாரும் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தில் வாழும் பழங்குடி மக்களைச் சோதித்தபோது, சில குடியிருப்புகளில் பெரியவர்கள் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கிருமி இருந்தது. அங்கே கால் விறைப்பைவிட நுரையீரல் கெடுவதுதான் பெரிய தொல்லை. பணக்கார நாட்டில் இது இத்தனை நாள் எப்படிக் கவனிக்கப்படாமல் கிடந்தது என்று உலகமே கேட்டது. 2018-ல் காலோவும் வேறு விஞ்ஞானிகளும் உலக சுகாதார நிறுவனத்துக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். 2021-ல் அந்த நிறுவனம் இந்தக் கிருமியைப் பற்றி ஒரு விரிவான அறிக்கை வெளியிட்டது.

கிருமி கண்டுபிடித்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எச்.ஐ.வி.க்கு எத்தனை மருந்துகள் வந்துவிட்டன! இதற்கு ஒன்றும் வரவில்லை. இது மெதுவாகக் கொல்கிறது. அல்லது கொல்லாமல் முடக்குகிறது. முடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகள். மருந்துக் கம்பெனிகள் அவசரப்படாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிரேசில் 2024-ல் ஒரு முடிவு எடுத்தது. கர்ப்பிணிகளுக்குச் செய்யும் வழக்கமான சோதனைகளில் இதையும் சேர்ப்பது என்பது அந்த முடிவு. கிருமி உள்ள கர்ப்பிணிகளையும், அவர்கள் பெற்ற குழந்தைகளையும் பற்றிச் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார்கள். பாஹியாவில் இனிப் பிறக்கும் குழந்தைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கரப்பான் வருகிறது என்று பார்த்தால், திட்டம் பலித்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்போதே அது தலையில் தோன்றும் நோய் அல்லவா? கால் விறைப்புக்காக நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. கிருமி உள்ளவர்கள் நிறைய இருப்பதாகக் கருதப்படும் அந்தக் கண்டத்தின் பெரும்பாலான நாடுகளில், கர்ப்பிணிகளுக்கு இந்தச் சோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை.